ஒரு மாத்திரை, இரண்டு வயிறு

வெள்ளியங்கிரிக்கு இரண்டு வயிறு இருப்பதாகப் பெட்டி சொன்னது.

"மாட்டுக்குத்தான் நாலு வயிறுன்னு படிச்சிருக்கேன். மனுஷனுக்கு ரெண்டா?" என்று மிருதுளா சிரித்தாள். இம்தியாஸ் சிரிக்கவில்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறவன் அவன். அவன் உம்மென்று நின்றதைப் பார்த்துத்தான் அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

பெட்டியின் பெயர் 'வேளை'. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இருக்கும் அந்தச் சின்னக் கம்பெனி வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த சரக்கு அது. டிபன் கேரியர் உயரம் இருக்கும். இதயத் தசை தளர்ந்துபோனவர்களின் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். நோயாளியின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். நாடியையும் வியர்வையையும் பார்த்து, மருந்து உடம்பில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பட்டை சொல்லும். பெட்டி அதைக் கேட்டு, அன்றைக்கு வேண்டிய அளவு மருந்துப் பொடியை அழுத்தி, காலையில் ஒரே ஒரு மாத்திரையைக் கிண்ணத்தில் போடும். ஊருக்கெல்லாம் ஒரே அளவு என்ற பேச்சே கிடையாது. அவரவர் உடம்புக்கு ஏற்றபடி, அன்றன்றைக்கு ஏற்றபடி.

பெட்டிக்கு உள்ளே இருப்பதெல்லாம் இம்தியாஸ் செய்தது. வெளியே தெரிவதெல்லாம் மிருதுளாவின் வேலை: பெட்டியின் உருவம், போனில் இருக்கும் ஆப், அது பேசும் குரல். வயதானவர்களைக் குழப்பக்கூடாது என்பது அவளுடைய பிடிவாதம். எண்ணும் வேண்டாம், வரைபடமும் வேண்டாம், ஒரே ஒரு இலை போதும் என்று சண்டை போட்டுச் சாதித்திருந்தாள். மாத்திரை வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் மருந்தின் அளவும் சரியாக இருந்தால் இலை பச்சை. இல்லாவிட்டால் மஞ்சள். நோயாளி பார்ப்பதும் அந்த இலையைத்தான், கம்பெனியில் பார்ப்பதும் அதே இலையைத்தான்.

சோதனைக்காகப் பெட்டி கொடுத்திருந்த வீடுகளிலேயே ஒரு நாள்கூட மஞ்சளாகாத இலை வெள்ளியங்கிரியுடையது.

"அப்புறம் என்ன பிரச்சனை?" என்றாள் மிருதுளா.

"மாத்திரையில பொடியோட பொடியா நம்ம துகள் கலந்திருக்குல்ல. வயித்து அமிலம் பட்டதும் ஒவ்வொண்ணும் ஒரு சத்தம் குடுக்கும். அதுல பாதிதான் இவர் பட்டைக்கு வருது. மீதிப் பாதி கொஞ்சம் தள்ளியிருந்து வருது."

"தள்ளின்னா?"

"தள்ளின்னா தள்ளிதான். பெட்டிக்கும் காது வெச்சிருக்கோமே, அது கேட்டுட்டுச் சொல்லுது. இவர் உக்காந்திருக்கற எடத்துல பாதி. சமையக்கட்டுப் பக்கம் பாதி."

"பட்டை கெட்டுப்போயிருக்கும்."

"பட்டையும் மாத்தியாச்சு, பெட்டியும் மாத்தியாச்சு. புதுசும் அதையேதான் சொல்லுது. அதவிட இதப் பாரு." இம்தியாஸ் திரையைத் திருப்பினான். "பெட்டி கொஞ்சங்கொஞ்சமா மருந்த ஏத்திக்கிட்டே போயிருக்கு. இப்ப அவருக்குப் போறது ரெண்டு ஆளுக்கான மாத்திரை. ஆனா ரத்தத்துல இருக்கறது ஒரு ஆளுக்கான மருந்து."

"என்னைக்காவது மருந்து முழுசா ஒடம்புல சேந்துட்டா?"

"நாடி படுத்துரும். மறுபடி எழுந்திரிக்குமான்னு எனக்குத் தெரியாது."

மிருதுளாவுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அதற்கு ஒரு வயிறே போதுமானதாக இருந்தது.

சோதனைக்குப் பொறுப்பு டாக்டர் எஸ்தர். இதய வைத்தியத்தில் பழுத்தவர், அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார். அனுமதி கொடுக்கும் குழுவினருக்கு வெள்ளியங்கிரியின் பச்சை இலையைத்தான் முதலில் காட்டுவதாக இருந்தார். "காரணம் தெரியாம அளவக் கொறைக்கவும் முடியாது" என்று மிருதுளாவிடம் சொன்னார். "நேர்ல போ. மாத்திரைய அவர் விழுங்கறத உன் கண்ணால பாத்துட்டு வா."

வெள்ளியங்கிரியின் வீடு இருகூரில். மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். நோய் வந்தபிறகு பட்டறையை மூடிவிட்டு, மாடியும் கீழுமாக அந்தச் சின்ன வீட்டில் மனைவி துளசிமணியோடு இருந்தார். மிருதுளாவைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு திடுக்கிடல் வந்து போனது.

"வாங்க அம்மிணி, வாங்க. பெட்டி ஏதாச்சும் தப்பாச் சொல்லிப்போட்டுதுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க ஐயா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

வந்தவளுக்குத் தண்ணீர் கொடுக்கத் தானே எழுந்து சமையலறைக்குள் போனார். போனவர் அங்கேயே நின்று விழித்தார். "துளசி, டம்ளர் எங்க வெச்சிருக்கற?"

"கல்யாணமான நாள்ல இருந்து வெச்ச எடத்துலதானுங்க இருக்குது" என்றாள் துளசிமணி, தோசைக்கல்லில் மாவை வட்டமாக இழுத்துக்கொண்டே. அந்த வீட்டில் யாருக்கு எது தெரியும் என்பது மிருதுளாவுக்கு விளங்கிவிட்டது.

தோசை வந்தது. வெள்ளியங்கிரி தன் தட்டில் விழுந்ததைப் பிய்த்துப் பாதியை மனைவிக்கென்று ஒதுக்கி வைத்தார். வாழைப்பழத்தை உரித்தார். அதிலும் பாதி அந்தத் தட்டுக்குப் போனது. மிருதுளா எல்லாவற்றையும் பார்த்தாள், பார்த்தும் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மூலையிலிருந்த பெட்டி கிணுக்கென்றது. "வேளை ஆச்சுங்க" என்று அவள் எழுதிக்கொடுத்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, கிண்ணத்தில் மாத்திரையைப் போட்டது. வெள்ளியங்கிரி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"செத்த நேரங்கழிச்சுப் போட்டுக்கறனுங்க."

"நான் பாக்கோணுமுங்க ஐயா. அதுக்குத்தான் வந்தேன்." தினமும் விழுங்குகிற மாத்திரைதானே, ரத்தத்திலும் அளவு சரியாகத்தானே இருக்கிறது, இன்றைக்கு மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவர் சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாதவராக வாயைத் திறந்து மாத்திரையை நாக்கில் வைத்தார். டம்ளரைத் தூக்கினார்.

"துப்புங்க!" தோசைத் திருப்பியும் கையுமாகத் துளசிமணி ஓடிவந்தாள். "ஏனுங்க, மொதல்ல துப்புங்க. முழுசாப் போடாதீங்க. ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா நா என்னங்க பண்ணுவேன்?"

அவர் உள்ளங்கையில் துப்பினார். உள்ளே கல்லில் இருந்த தோசை கருகும் வாசனை வந்தது. யாரும் அதைக் கவனிக்கப் போகவில்லை.

வெள்ளியங்கிரிதான் முதலில் பேசினார். "இவளுக்கும் அதே சீக்குத்தானுங்க. காலு வீங்குது, படியேறுனா மூச்சு வாங்குது. பெட்டி குடுக்கறப்ப ஒரு ஊட்டுக்கு ஒரு ஆளுதான்னு சொல்லிப்போட்டாங்க. ஒரு பன்னு வாங்குனாக்கூட எங்களுக்குப் பாதிப் பாதிதானுங்க அம்மிணி. நா மட்டும் மாத்திரைய முழுங்கிப்போட்டு, இவ மூச்சு வாங்கறத உக்காந்து பாத்துட்டு இருக்கறதுங்களா?"

"மருந்து பன்னு இல்லீங்க ஐயா. பங்கு போடறது தப்புங்க."

"தப்புன்னா எதுக்குங்க நடுவால கோடு போட்டு அனுப்புனீங்க?"

மிருதுளா அவர் கையிலிருந்த ஈர மாத்திரையைப் பார்த்தாள். நடுவில் பிசிறில்லாமல் ஒரு கோடு. அந்தக் கோடு போடும் அச்சு அவளுடைய யோசனைதான். தொண்டை குறுகியவர்கள் உடைத்து விழுங்கட்டும் என்று பெட்டிக்குள் வைக்கச் சொல்லியிருந்தாள். டாக்டர் சொன்னால்தான் அது வேலை செய்யவேண்டும். யாரும் சொல்லவில்லை.

"மொதல்ல பாக்குவெட்டியில வெட்டுவனுங்க" என்றார் வெள்ளியங்கிரி. "ஒரு நாளைக்கு ஒரு பக்கம் பெருசாப் போயிரும், ஒரு நாளைக்குத் தூளாயிரும். அப்பறம் பாத்தா ஒரு நா வெடியால கோடு போட்டு வந்துது. சரி, கம்பெனிக்காரங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, போனாப் போகுதுன்னு விட்டுட்டாங்கன்னு நெனச்சுட்டோமுங்க."

எது முதல், எது பின் என்று மிருதுளாவுக்குப் புரியவில்லை. கம்பெனி அனுமதித்துவிட்டது என்று இவர்கள் பெட்டியை நம்பியிருக்கிறார்கள். ஏறுமாறாக உடைந்த மாத்திரையால் அளவு தடுமாறுகிறது என்று பெட்டி கோடு போட்டிருக்கிறது. யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

அவர் மாத்திரையைக் கோட்டில் வைத்து அழுத்தினார். டப்பென்று இரண்டானது. ஆளுக்குப் பாதி போட்டுக்கொண்டு, ஒரே டம்ளர் தண்ணீரை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். அடுத்தவர் வீட்டுப் படுக்கையறையை எட்டிப் பார்த்துவிட்டதுபோல் மிருதுளாவுக்குக் கூச்சமாக இருந்தது. போனில் இலை பச்சையானது.

அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னதும் இம்தியாஸ் நாற்காலியில் சாய்ந்துவிட்டான். "பெட்டிக்கு நாம குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். இவர் ரத்தத்துல மருந்து கொறையக்கூடாது. எவ்வளவு குடுத்தாலும் பாதி வேற எங்கயோ போயிருது. ரெண்டு மடங்கு குடுத்துட்டா இவருக்கு வேண்டியது வந்து சேந்துருது. அவ்வளவுதான்."

"அப்ப அந்தம்மா இருக்கறது பெட்டிக்குத் தெரியுமா?"

"தெரியும்னு சொல்றதா தெரியாதுன்னு சொல்றதா? நான் செஞ்ச பெட்டிதான், எனக்கே சொல்லத் தெரியல."

டாக்டர் எஸ்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்தம்மாவோட கிட்னி எப்படியிருக்கு? வேற என்ன மருந்து சாப்பிடறாங்க? யாராவது பாத்தோமா? இத்தனை நாள் ஒண்ணும் ஆகலேன்னா அது அதிர்ஷ்டம். வைத்தியம் இல்ல."

"கால் வீக்கம் நல்லா வத்தியிருக்கு டாக்டர். மருந்து வேலை செய்யுது."

"எனக்கும் சந்தோஷம்தாம்மா. நாளைக்கு அந்தம்மா சொந்தக்காரங்க வீட்டுக்கு எங்கயாவது போறாங்கன்னு வெச்சுக்கோ. அன்னைக்கும் பெட்டி இதே மாத்திரையத்தான் போடும். இவர் ஞாபக மறதியா முழுசா முழுங்கினா, நீ போயி அந்தம்மாவுக்கு ஆறுதல் சொல்வியா?"

நாக்கில் இருந்த மாத்திரை மிருதுளாவின் கண்ணை விட்டுப் போகவில்லை. டாக்டர் சொல்வதும் நியாயம்தான். இருகூரில் கேட்டதும் நியாயம்தான். இரண்டு நியாயத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பதற்கா இத்தனை படிப்புப் படித்தோம் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

முடிவு டாக்டருடையது. மறுநாள் முதல் ஒரு ஆளுக்கான மாத்திரைதான். பெட்டி தானாக ஏற்றாமல் பூட்டுப் போட வேண்டும். கோடு கிடையாது. கடையில் கிடைக்காத மருந்து என்பதால் அடுத்த சுற்றுச் சோதனையில்தான் துளசிமணியின் பெயரைச் சேர்க்கலாம், அதற்குச் சில மாதம் ஆகும்.

மிருதுளா போனில் கூப்பிட்டாள். "ஐயா, நாளையில இருந்து மாத்திரை சின்னதா வருமுங்க. ஒரு ஆளுக்கு மட்டுந்தான். தயவுபண்ணிப் பங்கு போடாதீங்க. அம்மா பேருக்குத் தனியாப் பெட்டி வாங்கித் தர்றது என்னோட பொறுப்பு."

"பாதி பண்ணிக்கிட்டா என்னங்க ஆகும்?"

"பாதி பண்ணுனா ரெண்டு பேருக்குமே பத்தாதுங்க. ரெண்டு பேரும் போட்டும் பிரயோஜனமில்லீங்க."

"ஒருத்தரு முழுசாப் போட்டாப் பத்துமுங்களா?"

"பத்துமுங்க."

"செரிங்க அம்மிணி" என்றார் வெள்ளியங்கிரி.

சில நாள் இலை மஞ்சளாகக் கிடந்தது. கிழவர் இன்னும் பாதி பண்ணுகிறார் என்று மிருதுளா கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிறகு ஒரு காலையில் இலை பச்சையானது. முழு மாத்திரையும் ஒரே வயிற்றில். மறுநாளும் பச்சை, அதற்கடுத்த நாளும் பச்சை. தனக்கு நல்ல செய்தி வந்தும் மனசு ஏன் அடித்துக்கொள்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. துளசிமணி இப்போது எப்படிப் படியேறுகிறாளோ என்ற நினைப்பாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள். அந்த அம்மாளின் பெயரை அடுத்த சுற்றில் சேர்க்க வேண்டிய வேலைகளை மளமளவென்று முடித்தாள்.

டாக்டர் எஸ்தர் சிரித்து அவள் பார்த்ததே அந்த வாரம்தான். "வெள்ளியங்கிரி இதயம் முன்னவிட நல்லா அடிக்குதும்மா. பூட்டுப் போட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு பாத்தியா?"

இம்தியாஸும் பழையபடி சிரிக்க ஆரம்பித்திருந்தான். நாடியைச் சரியாகப் பார்க்க, கை ஆட்டத்தைப் பட்டை தனியாகப் பிரித்து வைக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "உங்க ஐயாவுக்கு ஒடம்பு தேறினதும் பொறுப்பும் வந்துருச்சு மிருது" என்றான். "தெனமும் காலையில கை வட்டம் வட்டமாச் சுத்துது. தோசை ஊத்தறாரு போல."

மிருதுளாவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. துளசி, டம்ளர் எங்க வெச்சிருக்கற?

"இம்தியாஸ், பெட்டி அடியில எழுதி வெக்கற குறிப்பத் திற. இலை இல்ல, அதுக்கும் கீழ."

அவன் திறந்தான். இலை மறுபடி பச்சையான முதல் நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் பெட்டி ஒரே வரியைச் சொல்லியிருந்தது: பட்டையில் இருப்பது வேறு இதயம்.

"இத ஏன் யாரும் பாக்கல?" என்றாள் அவள்.

"எங்க பாக்கறது மிருது? இலையில அதுக்கு எடமே வெக்கலையே."

இருகூர் வரைக்கும் எப்படி வண்டி ஓட்டினாள் என்று அவளுக்கு நினைவில்லை. கதவைத் திறந்த துளசிமணி முகமெல்லாம் மலர்ந்தாள். மூச்சு வாங்கவில்லை. கால் வீக்கம் துளியும் இல்லை. அவளுடைய வலது கையில், இரண்டு வளையலுக்கு நடுவில், வேளையின் பட்டை.

"சொன்ன வாக்கக் காப்பாத்திட்டீங்க கண்ணு" என்று மிருதுளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெட்டிய எம்பேருக்கு மாத்திக் குடுத்துட்டீங்களாமா. இவருக்கு ஆஸ்பத்திரியிலயே ஏதோ ஊசி போட்டுட்டாங்களாமே, இனி மாத்திரையே வேண்டாம்னு. நானே ஒங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லோணும்னு இருந்தேன். இவருதான், அவங்களுக்கு வேல இருக்கும், தொந்தரவு பண்ணாதேன்னுட்டாரு."

மிருதுளா நின்றாள். ஒரு கணம் அதெல்லாம் உண்மையாகவே இருக்கக்கூடாதா, தனக்குத் தெரியாமல் டாக்டர் எதையாவது செய்திருக்கக்கூடாதா என்று மனசு கெஞ்சியது.

"ஐயா எங்கீங்க?"

"மேல படுத்திருக்காருங்க. கொஞ்ச நாளாப் படியெறங்கறதில்ல. ஊசி போட்டா அப்படித்தான் அசதியா இருக்குமாமா."

படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். வெள்ளியங்கிரி கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும் என்பது பார்த்தாலே தெரிந்தது. காலைப் போர்வையால் மூடி வைத்திருந்தார். அவள் போர்வையை விலக்கினாள். பாதம் இரண்டும் பளபளவென்று வீங்கியிருந்தன. பின்னாலேயே ஏறிவந்த துளசிமணி அதைப் பார்த்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க ஐயா இப்படிப் பண்ணுனீங்க?" என்றாள் மிருதுளா.

"நீங்க சொன்னபடிதானுங்க அம்மிணி. பங்கு போடலீங்க." அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். "பாதி பண்ணுனா ரெண்டு பேருக்கும் பத்தாதுன்னீங்க. செரி, ஒருத்தருக்காச்சும் பத்தட்டுமேன்னு."

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். டாக்டர் எஸ்தர் தானே கிளம்பி வந்துகொண்டிருப்பதாக இம்தியாஸ் போனில் சொன்னான். மிருதுளாவும் துளசிமணியும் வெளியே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

துளசிமணி அழவில்லை. தன் கையில் இருந்த பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தன் கைக்கு வந்த கதையை இப்போதுதான் முழுவதும் புரிந்துகொண்டவள்போல இருந்தாள். துளசிமணியின் இதயம் நன்றாக இருப்பதற்குத் தான் காரணமா, வெள்ளியங்கிரியின் இதயம் உள்ளே திணறுவதற்குத் தான் காரணமா, இரண்டுக்குமேதானா என்று மிருதுளா தன்னையே கேட்டுக் கேட்டுக் களைத்துப்போயிருந்தாள். கோடு போட்டுக் கொடுத்த பெட்டி செய்தது தப்பு என்று இனி யாராவது சொன்னால் தலையாட்ட முடியுமா என்றும் தெரியவில்லை.

"அம்மிணி" என்றாள் துளசிமணி, தலையைத் தூக்காமல். "நாளைக்கு வெடியாலயும் அந்தப் பெட்டி மாத்திரை போடுமுங்களா?"

"போடுமுங்க."

"ஒண்ணுதானுங்களா?"

"ஒண்ணுதானுங்க."

"அத யாரு போட்டுக்கறதுங்க?"

மிருதுளா போனைப் பார்த்தாள். வெள்ளியங்கிரி என்ற பெயருக்குக் கீழே அன்றைய இலை பச்சையாகவே இருந்தது.